நோயின் பெயரும் குற்றத்தின் பெயரும்

குழந்தை மீதான பாலியல் கொடுமை ஒன்று வெளியே வந்ததும் சமூக ஊடகத்தில் 'பீடோபைல்' என்று எழுதுகிறார்கள். மாலைப் பத்திரிகைத் தலைப்பில் அதே ஆள் 'காமக்கொடூரன்'. பீடோபீலியா மருத்துவத்துக்கு உரிய சொல். 1896இல் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பருவமெய்தாத குழந்தைகள் மீது ஒருவருக்குத் தொடர்ந்து எழும் பாலியல் நாட்டத்தை மட்டுமே அது குறிக்கும். அந்த நாட்டம் உள்ள எல்லாரும் குற்றம் செய்வதில்லை. குற்றம் செய்தவர்களில் பலருக்கு அந்த நாட்டமே இல்லை. கையில் அதிகாரம், தனிமையில் ஒரு வாய்ப்பு, பிள்ளை வாய்திறக்காது என்ற தைரியம் இருந்தால் அவர்களுக்குப் போதும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012இன் போக்சோ சட்டத்தில் பீடோபீலியா என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லையா, என்ன செய்யப்பட்டது என்றுதான் சட்டம் கேட்கிறது. செய்தவர் ஆசிரியர், காவலர், உறவினர் என்றால் தண்டனை கூடுகிறது.

சொல் தவறினால் பார்வையும் தவறிவிடுகிறது என்பதே என் கவலை. நோயாளி, கொடூரன் என்றதும் ஊருக்கு வெளியிலிருந்து வரும் யாரோ ஒருவன்தான் மனதில் நிற்கிறான். மதுரை மாவட்டத்துப் பேரையூர்ப் பக்கத்திலும் பிள்ளைகளைப் 'பிள்ளை பிடிக்கிறவன் வருவான்' என்று பயமுறுத்தித்தானே வளர்க்கிறோம்? அதே மாவட்டத்துப் பொதும்பு அரசுப் பள்ளியில் பல மாணவியரிடம் அத்துமீறியதாக 2011இல் புகாருக்கு உள்ளானவர் வெளியாள் அல்ல, தலைமையாசிரியர். 2018இல் அவருக்கு 55 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதே 2018இல் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்துக் கும்பல் அடித்தே கொன்றது. அவர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். குழந்தைகள் மீதான கொடுமை பற்றி மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்விலும், துன்புறுத்தியோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள்.

குற்றவாளிக்கு என்ன பெயர் வைத்தால் என்ன, இது அவனுக்குப் பரிந்து பேசுவதாகாதா என்று கேட்கலாம். உண்மையில் நோய்ப்பெயர்தான் அவனுக்குத் தப்பிக்க வழி தருகிறது: 'அவர் அப்படிப்பட்டவர் இல்லை, குடும்பஸ்தர், நல்ல வாத்தியார்' என்று சுற்றம் சொல்ல இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்டவராக இருக்கத் தேவையே இல்லை. செய்தாரா என்பதே கேள்வி. நாட்டத்தால் தவிப்பவர் குற்றத்துக்கு முன்பே மனநல மருத்துவரிடம் போகவும் அந்தச் சொல் வசையாக இல்லாதிருப்பது நல்லது. பெர்லினில் 2005 முதல் அதற்கென்றே ஒரு சிகிச்சைத் திட்டம் நடக்கிறது. இங்கே குற்றம் நடந்துவிட்டாலோ, போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி அது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பிள்ளையே நேரடியாகப் பேசலாம்.