காட்சிக்கு வராத பச்சிலை

பழங்குடிகளின் மூலிகைச் சடங்குகளுக்கென்று சென்னையில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் வேண்டும், மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு கிடைத்தால்கூடப் போதும் என்று நண்பர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சடங்கை அங்கே கொண்டுபோய் வைத்தால் எது உள்ளே வரும், எது வாசலிலேயே நின்றுவிடும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மானிடவியல் நூல்கள் சொல்லும் 'ஷாமன்', சைபீரியாவின் எவெங்கி மொழிவழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல். நம்மிடம் அதற்கு நெருக்கமாகச் சங்கப் பாடல்களின் வேலன் இருந்தான். சாமியாடிகள் இன்றும் இருக்கிறார்கள். அகத்தியமலைக் காணிகளிடம் பிலாத்தி இருக்கிறார். நம் நாட்டு வைத்தியத்திலும் மூலிகை பறிக்குமுன் செடிக்குக் காப்புக் கட்டுவதும் சாபநிவர்த்தி சொல்வதும் உண்டு. 'பேரைச் சொன்னா பலிக்காது' என்று இலையின் பெயரை மறைப்பார்கள். காசு வாங்காமல் வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம்தான். ஆனால் இந்த விதிகள் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். யார் பறிக்கலாம், எப்போது பறிக்கலாம், யாருக்குச் சொல்லலாம் என்பதையெல்லாம் அவை தீர்மானிக்கின்றன. இலையில் இருக்கும் வேதிப்பொருள் ஒன்று, அந்த இலையைத் தொடுவதற்கான அனுமதி இன்னொன்று. சடங்கு அந்த அனுமதியின் மொழி என்பது என் வாசிப்பு.

பச்சிலை எல்லா நோயையும் தீர்க்கும் என்று நான் வாதாட வரவில்லை. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், விஷமுறிவு ஊசிதான் போட வேண்டும். அந்த ஊசி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கைத் தந்து வந்திருப்பது 1978இல் தொடங்கப்பட்ட, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நவீன மருத்துவம் இருளரின் கைத்திறனை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய பேச்சு மட்டும் 'நம்பிக்கை' என்ற கணக்கில் தங்கிவிட்டது.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து எழுதியவர். ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். அங்கே பழங்குடி அளக்கப்படும் உடல், அளப்பவரிடம் மட்டுமே அறிவு. ஃபூக்கோ சொல்லும் அறிவு/அதிகாரப் பிணைப்பைப் புரிந்துகொள்ள எழும்பூருக்கு ஒரு நடை போய்வந்தாலே போதும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சடங்கின் பொருள்கள் இருக்கும், உயிருள்ள இலை இருக்காது. கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையில் இதற்கு நேர்மாறு. 'சித்தரத்தை அம்பது கிராம் போடுங்க' என்றால் பொட்டலம் வந்துவிடும். காப்பும் கிடையாது, சாபநிவர்த்தியும் கிடையாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. நானும் அங்கே வாங்குகிறவன்தான். ஒரே வெட்டின் இரண்டு பக்கங்கள் இவை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இரண்டு இடத்திலும் அனுமதி தந்தவர் இல்லை.

அமேசான் பழங்குடிகள் புனிதமாகக் கருதும் அயவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு 1986இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. பழங்குடி அமைப்புகள் எதிர்த்தபின் 1999இல் அது ரத்தானது. ரத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது எது தெரியுமா? சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்த உலர்ந்த செடி மாதிரிகள்! தலைமுறை தலைமுறையாக நடந்த சடங்கு சாட்சியாக ஏற்கப்படவில்லை. அந்த ரத்தும் 2001இல் திரும்பப் பெறப்பட்டது.

நம் பக்கத்துக் கதை காணிகளுடையது. 1987இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடந்தார்கள். முதலில் சொல்லத் தயங்கி, வற்புறுத்தலுக்குப் பிறகு ஆரோக்கியப்பச்சையைக் காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. உரிமத்தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடானது. 1997இல் அதற்காக ஓர் அறக்கட்டளையும் வந்தது. பலன்பகிர்வுக்கு முன்மாதிரி என்று உலகம் பாராட்டியது. ஆனால் செடியைக் காட்டியவர்கள் பிலாத்திகள் அல்லர். பிலாத்திகள் சிலர் இந்த விற்பனையை எதிர்த்தார்கள். காட்டில் இலை பறிக்க வனத்துறையும் தடை சொன்னது. அனுமதி தருகிற இடம் பிலாத்தியிடமிருந்து வனத்துறை அலுவலகத்துக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

உயிர்ப்பன்மைச் சட்டம் 2002இல் வந்தது. அதற்கான தேசிய ஆணையம் இருப்பது நம் தரமணியில்தான். 2023இல் வந்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன்பகிர்விலிருந்து விலக்குத் தருகிறது. அதாவது ஏட்டில் ஏறிவிட்ட அறிவுக்கு யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தின் ஆதிகுரு என்று நாம் கொண்டாடும் அகத்தியர் இருப்பதாகச் சொல்லப்படும் அதே மலையில்தான் காணிகள் வாழ்கிறார்கள். ஏடு எழுதியவர்களுக்கு இலையைக் காட்டியது யார் என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே பதிவு செய்வது என்பதே இன்று அப்பாவித்தனமான காரியம் அல்ல. கள ஆய்வுக்குப் போகும் நாமும், சேகரித்து அச்சில் ஏற்றும் சிறுபத்திரிகைகளும் இதில் பங்காளிகள். செல்போனை நீட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதைச் சொல்ல இவருக்கு அவருடைய சமூகத்தில் உரிமை உண்டா? அச்சானால் யாருக்கு லாபம்? 'சொல்ல மாட்டேன்' என்றால் பேசாமல் திரும்பி வருவோமா?

மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுகிறார்கள். கன்னியம்மாவுக்கு மணலிலேயே படிகட்டி, பூவைத்து, சாமியாடிக் குறி கேட்கிறார்கள். கல்யாணமும் அங்கேயே நடக்கிறது. பிறகு அந்தக் கோயிலை அலை கொண்டுபோய்விடும். அடுத்த வருஷம் திரும்பவும் கட்டுவார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது அந்தக் கரையும், செடி இருக்கும் காடும், அங்கே போய்வர உரிமையும். 2006இன் வன உரிமைச் சட்டம் ஏட்டளவில் அந்த உரிமையைத் தருகிறது. அருங்காட்சியகத்துக்குச் செலவிட நினைக்கும் உழைப்பை அந்தப் பட்டாக்களுக்கும் சாதிச் சான்றிதழ்களுக்கும் முதலில் செலவிடுவோம் என்பது என் கட்சி. அதற்குப் பிறகும் அருங்காட்சியகம் வேண்டுமென்றால், உள்ளே எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அவர்களே சொல்லட்டும்.