பழைய காருக்குப் புதிய கண்கள்

இரவு நேரத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் வந்திருக்கிறீர்களா? கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊர்கள் வரும். ஊருக்கும் ஊருக்கும் இடையே வயல்கள், வாய்க்கால்கள், இருட்டு. அந்த இருட்டில் விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். சாலையோரத்தில் மாடு படுத்திருக்கும். எதிரே பேருந்து வரும். இவ்வளவையும் ஓட்டுநருக்குக் காட்டுபவை காரின் முகப்பு விளக்குகளே.

உங்கள் உறவினர் ஒருவரிடம் பழைய கான்டெசா கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் 2002 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்த கார் அது. முதலில் அதில் 1.5 லிட்டர் எஞ்சின்தான் இருந்தது. பிறகு ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் எஞ்சின் வந்ததும், வேகமான கார் என்று பெயரெடுத்தது. இன்றும் சிலர் அதை ஆசையோடு வைத்து ஓட்டுகிறார்கள். உங்கள் உறவினர் எஞ்சினை நன்றாகவே பராமரிக்கிறார். ஆனால் விளக்கு மங்கல். "நல்ல விளக்காக மாற்ற வேண்டும், எதை வாங்கலாம்?" என்று உங்களைக் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

"அதிக வாட் உள்ள பல்பாக வாங்குங்கள்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அது சரியான விடை அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது நொடிக்கு சுமார் 22 மீட்டர். சாலையில் ஆள் இருப்பதைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் கார் 33 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் 35 மீட்டர் வேண்டும். மொத்தம் 68 மீட்டர். ஆனால் மங்கலான விளக்கில், கருநிற ஆடை அணிந்து நடப்பவர் 50 மீட்டர் தூரத்துக்குள் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியக்கூடும். மீதி 18 மீட்டருக்கு விலை ஓர் உயிர்.

தூரத்தைக் கூட்டுவது எளிதல்ல. ஒரு புள்ளியிலிருந்து விரிந்து செல்லும் ஒளியின் செறிவு, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 50 மீட்டரில் கிடைக்கும் வெளிச்சம் 70 மீட்டரில் கிடைக்க வேண்டுமானால், அந்தத் திசையில் ஏறத்தாழ இருமடங்கு ஒளியை அனுப்ப வேண்டும். "அந்தத் திசையில்" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. வேகத்தை 50 கிலோமீட்டராகக் குறைத்தால், மேலே சொன்ன கணக்குப்படி கார் 35 மீட்டருக்குள் நின்றுவிடும். செலவே இல்லாத விளக்கு இது!

விளக்கின் உள்ளே

முகப்பு விளக்கைப் பட்டறைக்காரர்கள் 'டூம்' என்பார்கள். அதன் பின்புறம் பளபளப்பான கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் வடிவம் பரவளையம். பரவளைய ஆடியின் குவியத்தில் ஒளி மூலத்தை வைத்தால், ஆடியில் பட்ட கதிர்கள் இணைகதிர்களாக வெளியே செல்லும். இதுதான் 'பிரைட்'.

எதிரே வண்டி வரும்போது 'டிம்' வேண்டும். அதற்காக ஒரே பல்புக்குள் இரண்டு மின்னிழைகளை வைத்தார்கள். இத்தகைய பல்பு 1925ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. டிம்முக்கான மின்னிழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். ஆகவே அதன் ஒளி ஆடியின் மேல்பாதியில் மட்டுமே பட்டு, கீழ்நோக்கித் திரும்பும். சுவரில் இந்த ஒளி விழும்போது, மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவே தெளிவான ஓர் எல்லைக்கோடு தெரியும். நல்ல முகப்பு விளக்கின் அடையாளம் இந்தக் கோடுதான்.

இங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியம். ஆடியின் குவிய தூரம் 27 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னிழை தன் இடத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால், ஒளிக்கற்றை சுமார் 2 பாகை மேலே எழும்பும். 50 மீட்டர் தூரத்தில் அது 1.8 மீட்டருக்கும் மேலான உயரம். சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும்!

பல்புக்கு முன் கம்பி

எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். விளக்கு எரியும்போது பல்பின் முனைகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று வோல்ட்மீட்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால்வாயை நினைத்துப் பாருங்கள். கால்வாயில் மண் மேடிட்டு, செடி அடைத்துவிட்டால், தலைமடைக்குத் தண்ணீர் கிடைத்தாலும் கடைமடை வயல் காயும். பழைய காரிலும் அப்படித்தான். பாட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் மெல்லிய கம்பி, தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகியவற்றைக் கடந்து கடைமடையாகிய பல்புக்கு வரவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மின்தடையால் கொஞ்சம் வோல்ட் இழக்கப்படும்.

இழப்பு சிறிதுதானே என்று நினைக்கலாம். ஆனால் மின்னிழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 13.2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11.9 வோல்ட் வந்தால், குறைந்தது 10 சதவீதம்தான். ஆனால் ஒளியோ 30 சதவீதம் குறைந்துவிடும்!

இதற்கு மருந்து ரிலே. சுவிட்சின் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் மட்டும் சென்று ரிலேயிலுள்ள மின்காந்தத்தை இயக்கும். அது ஒரு தொடுமுனையை மூடும். அதன் வழியே பாட்டரியிலிருந்து தடித்த கம்பியில் பெரிய மின்னோட்டம் நேராகப் பல்புக்குச் செல்லும். இடையில் ஒரு ஃபியூஸும் கட்டாயம் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு குறைவு, பலன் அதிகம்.

இப்போது 'அதிக வாட்' யோசனையைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு எடுப்பது 5 ஆம்பியர். 100 வாட் பல்பு எடுப்பது 8.3 ஆம்பியர். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், அது சுமார் 2.8 மடங்காகிவிடும். பழைய கம்பியின் உறை உருகலாம், தீப்பிடிக்கவும் கூடும். எதிரே வருபவரின் கண்ணும் அதிகமாகவே கூசும்.

ஹாலஜன் செய்யும் வேலை

பழைய வகை பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறும்போது, அதிலிருந்து டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். அதனால் ஒளி குறையும். ஹாலஜன் பல்பில் அயோடின் அல்லது புரோமின் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கிறது. அது கண்ணாடியருகே டங்ஸ்டனோடு சேர்ந்து சேர்மமாகிறது. அந்தச் சேர்மம் சூடான இழையருகே வந்ததும் சிதைந்து டங்ஸ்டனை அங்கேயே விட்டுவிடுகிறது. ஆகவே கண்ணாடி தெளிவாகவே இருக்கும். இழையையும் அதிகச் சூட்டில் எரிய விடலாம்.

கார்களுக்கான முதல் ஹாலஜன் பல்பு 1962இலும், பிரைட், டிம் இரண்டும் சேர்ந்த எச்4 பல்பு 1971இலும் ஐரோப்பாவில் வந்தன. பழைய 45/40 வாட் பல்பு டிம்மில் சுமார் 700 லூமென் ஒளி தரும். 60/55 வாட் எச்4 பல்பு சுமார் 1,000 லூமென் தரும். ஆனால் பழைய டூமுக்குள் எச்4 பல்பை எப்படியோ திணிப்பது தவறு. மின்னிழையின் இடம் வேறு, பல்பின் அடிப்பகுதியும் வேறு. கண்ணாடி, கிண்ணம், பல்பு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திய முழு விளக்காகவே வாங்க வேண்டும்.

நல்ல வேளையாக, அக்காலத்துக் கார்கள் பலவற்றுக்கு வட்ட விளக்குகள்தான். அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் 7 அங்குல வட்டம். கான்டெசாவிலோ இரண்டிரண்டாக நான்கு சிறு வட்டங்கள். நான்கு விளக்கு அமைப்பில் வழக்கமாக வெளிப்புறத்து இரண்டும்தான் டிம் தருபவை. ஆகவே அவற்றையே முதலில் கவனிக்க வேண்டும்.

எல்.இ.டி. வாங்கலாமா?

கடைகளில் ஹாலஜன் பல்பின் இடத்திலேயே மாட்டிக்கொள்ளும் எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன. மின்சாரம் குறைவு, வெளிச்சம் வெண்மை. வாங்கிவிடலாமா?

மின்னிழை என்பது நாற்புறமும் ஒளி வீசும் சிறு சுருள். எல்.இ.டி. பல்பிலோ ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் ஒளிரும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒளி பிறக்கும் இடமும் பரவும் விதமும் மாறுகின்றன. மில்லிமீட்டர் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மின்னிழைக்காகச் செய்த ஆடி இந்த ஒளியைத் தாறுமாறாகச் சிதறடிக்கக்கூடும். காருக்கு அருகே சாலை பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்து உரிமையாளர் மகிழ்ந்துபோவார். ஆனால் 70 மீட்டரில் நடப்பவருக்கு உரிய ஒளி கூடியிருக்காது. எதிரே வரும் பேருந்து ஓட்டுநருக்கோ கண் கூசும்.

எல்.இ.டி.க்கென்றே ஆடியும் வில்லையும் அமைத்துச் செய்த முழு வட்ட விளக்குகளும் உண்டு. தர முத்திரை உள்ள அத்தகைய விளக்கானால் தாராளமாக வாங்கலாம். எல்.இ.டி. சில்லுகள் சூட்டைத் தாங்கமாட்டா. சூடேறினால் ஒளியும் ஆயுளும் குறையும். நெல்லைக் கோடையில் இதுவும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆகவே விளக்கின் பின்னால் வெப்பம் வெளியேற இடம் இருக்க வேண்டும்.

அம்புக்குறியைப் பாருங்கள்

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் செல்கிறோம். அதனால் டிம் ஒளியின் எல்லைக்கோடு வலப்பக்கம் தாழ்ந்தும், இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்க வேண்டும். இடப்புற ஓரத்தில் நடப்பவர் தெரிவார். வலப்புறம் வருபவர் கண் கூசாது. வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்காகச் செய்த விளக்கில் எல்லாம் நேர்மாறு. அதை இங்கே மாட்டினால் ஒளி நேராக எதிரே வருபவர் கண்ணுக்கே போகும்.

வெளிநாட்டு விளக்கானால் கண்ணாடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய விதிகளின்படி தேறிய விளக்கு. விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும் உங்கள் வலப்பக்கத்தை நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கப் போக்குவரத்துக்கு உரியது. அம்புக்குறியே இல்லையென்றால் நமக்கு ஆகாது.

நம் நாட்டிலேயே செய்யும் விளக்குகளும் உண்டு. இதில் நெல்லைச் சீமைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியில் வந்ததுதான், சென்னை பாடியில் 1961இல் உருவாகி வாகன மின்கருவிகளைச் செய்துவரும் லூகாஸ்-டி.வி.எஸ். அதுவும் ஜப்பானின் கொயிட்டோ நிறுவனமும் சேர்ந்து, முகப்பு விளக்குகள் செய்யவென்றே 1996இல் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கின.

சுவரில் ஒரு சோதனை

விளக்கை மாட்டியதோடு வேலை முடிந்துவிடாது. சமதளத்தில், ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். டிம் ஒளியின் எல்லைக்கோடு அதற்கு சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், எல்லைக்கோடு சரியாக 65 மீட்டரில் தரையைத் தொடும்.

பின்னிருக்கையில் மூன்று பேரும், பின்பெட்டியில் இரண்டு அரிசி மூட்டையும் ஏறினால் காரின் முகம் சற்று நிமிரும். ஒரே ஒரு பாகை நிமிர்ந்தாலும், 70 மீட்டர் தூரத்தில் எல்லைக்கோடு தரையைவிட்டுச் சுமார் 1.2 மீட்டர் உயர்ந்துவிடும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் இருக்கும் உயரமும் ஏறத்தாழ அதுவே! அவர் கண் கூசி மூன்று நொடி தடுமாறினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அவருடைய கார் 50 மீட்டர் குருட்டாட்டமாக ஓடிவிடும். 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் அதைத் தாழ்த்த வசதி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது இதனால்தான்.

சில வண்டிகளின் விளக்கில் கறுப்பு வட்டம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒளியைக் கொஞ்சம் மறைக்குமே தவிர, தவறான திசையில் போகும் ஒளியைச் சரியான திசைக்குத் திருப்பாது.

ஆகவே உறவினருக்கு இப்படி வரிசையாகச் சொல்லுங்கள்: முதலில் கம்பியையும் எர்த்தையும் சரிபாருங்கள், ரிலே வையுங்கள். அடுத்து, பல்பும் ஆடியும் பொருந்திய முழு விளக்காக, இடப்பக்கச் சாலைக்கு உரியதாக வாங்குங்கள். பிறகு சுவரில் பார்த்துக் கோணத்தைத் திருத்துங்கள். கடைசியாக, எதிரே யாராவது வந்தால் தயங்காமல் டிம் போடுங்கள்.

நீங்களும் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். முன்பகுதியைத் திருகினால் ஒளிக்கற்றை குவிந்து விரியும் டார்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் சுவரில் ஒளியை விழச்செய்து மெல்லத் திருகுங்கள். பல்பும் பாட்டரியும் மாறவே இல்லை. ஆனால் சுவரில் விழும் வெளிச்சம் எப்படி மாறுகிறது? எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினீர்கள் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விளக்குக் கடைக்காரரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்!