கிரிகோரியன் இசை: காகிதத்தில் மட்டும் முதலிடம்

சட்டம் அதன் பக்கம். பங்குக் கோயில்களில் ஆட்சி செய்வதோ கீபோர்டு.

இந்தியாவின் எந்த நகரத்தில் ஞாயிறு பூசைக்குப் போனாலும் காதில் விழுவது ஏறக்குறைய ஒன்றுதான்: கீபோர்டு, கிடார், பட்டனைத் தட்டினால் வரும் தாளம், அதன் மேல் உள்ளூர் மொழிப் பாடல். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் சொல்வது வேறு. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திகான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஆவணத்தின் 116-வது பிரிவு, ரோமானிய வழிபாட்டில் கிரிகோரியன் இசைக்கே முதலிடம் என்கிறது. மற்றவை சமமாக இருக்கும்பட்சத்தில் என்று ஒரு நிபந்தனையும் அதில் உண்டு. அந்த இடுக்கு வழியாகத்தான் கீபோர்டு உள்ளே வந்தது.

கிரிகோரியன் இசைக்குத் தாளம் கிடையாது. பக்கவாத்தியமும் தேவையில்லை. எல்லோரும் ஒரே குரலில், லத்தீன் சொற்களின் போக்கிலேயே பாடுவார்கள். விருத்தம் கேட்டுப் பழகிய தமிழருக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் விருத்தத்தை ஒருவர் பாடலாம். இருநூறு பேர் சேர்ந்து பாட முடியுமா? தாளம் இல்லாத இடத்தில் கூட்டம் ஒன்றாக மூச்சு விட வேண்டும். அது காதுவழியாக, பல வருடங்களில் வருவது. பதிவில் கேட்க உலகமே தயார்: ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவிகளின் ஆல்பம் 1994-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. பங்குக் கோயிலில் பாடத்தான் ஆள் இல்லை.

இந்தியாவில் சிக்கல் இரட்டிப்பு. அதே ஆவணத்தின் 119-வது பிரிவு, மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. இந்திய ஆயர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 1969-ல் அவர்கள் கேட்ட 12 மாற்றங்களை ரோம் ஏற்றது. ஆரத்தியும் அஞ்சலியும் பூசைக்குள் வந்தன. பஜனைப் பாணிப் பாடல்களும் பெருகின. அதுவும் சச்சரவில்லாமல் நடக்கவில்லை. இது இந்திய மரபா, உயர்சாதி மரபா என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

லத்தீன் இசைக்கு நாட்டிலேயே ஆழமான வேர் உள்ள இடம் கோவா. போர்த்துகீசியர் காலத்தில் பங்குப் பள்ளிகளில் 'மெஸ்திரி' என்ற இசை ஆசிரியர் சிறுவர்களுக்கு ஸ்வரம் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுத் தந்தார். அந்தப் பயிற்சியின் பலனை அனுபவித்தது கோயில் மட்டுமல்ல. பம்பாய் சினிமா இசைக் குழுக்களை நிரப்பியவர்கள் கோவாக்காரர்கள். மஜோர்டாவில் கோயில் பாடகர் குழுத் தலைவரின் மகனாகப் பிறந்த அந்தோணி கொன்சால்வஸ், பிரபல இசையமைப்பாளர் பியாரேலாலுக்கே வயலின் குரு. 1960-களில் பூசை கொங்கணிக்கு மாறியபோது மக்களுக்கு அர்த்தம் புரிந்தது. அது சாதாரண லாபமல்ல. இன்று லத்தீனை மீண்டும் கொண்டுவர நினைக்கும் பங்குத் தந்தை, முதலில் இதைப் பறிக்க வந்தவராகத்தான் தெரிவார்.

உண்மையில் பெரிய தடை லத்தீன் அல்ல, வரிசை. 1967-ல் ரோம் வெளியிட்ட வழிகாட்டல், பாடுவதற்கு மூன்று படிகளை வகுத்தது. முதல் படியில் வருபவை குருவுக்கும் மக்களுக்கும் இடையிலான முறைமொழிகள், தூயவர் கீதம், கர்த்தர் கற்பித்த ஜெபம். வருகைப் பாடலும் நற்கருணைப் பாடலும் வருவது மூன்றாம் படியில். பங்குகளில் நடப்பது நேர் தலைகீழ்: பாடகர் குழு பாடுகிறது, குரு பேசுகிறார். வருகைக்கும் நற்கருணைக்கும் அந்தந்த ஞாயிறுக்கென்று குறித்த வசனங்கள் உண்டு. 2002-ல் வந்த பொது விதிமுறை கடைசி வாய்ப்பாகத்தான் வேறு பொருத்தமான பாடலை அனுமதிக்கிறது. கடைசி வாய்ப்பே வழக்கமாகிவிட்டது. குரு பாடத் தயங்கும் பங்கில் பாடகர் குழுவை மட்டும் திருத்திப் பயனில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்களும் வாராவாரம் ஒத்திகைக்கு வரும் இளைஞர்கள். கீபோர்டைப் பிடுங்கினால் அவர்களும் போய்விடுவார்கள்.

போதாக்குறைக்கு அரசியல். 2007-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் பழைய லத்தீன் பூசைக்குத் தாராளமாகக் கதவு திறந்தார். 2021-ல் போப் பிரான்சிஸ் அதை இறுக்கினார். கிரிகோரியன் இசை புதிய பூசைக்கும் உரியதுதான். ஆறாம் பால் 1974-ல் எளிய மெட்டுகள் கொண்ட சிறு நூலை உலக ஆயர்களுக்கு அனுப்பியதே அதற்காகத்தான். ஆனாலும் லத்தீனில் ஒரு வரி பாடினாலே 'எந்தக் கட்சி?' என்ற கேள்வி எழுகிறது.

ரோமானிய வழிபாட்டைச் சேராத கேரளத்தின் சிரோ மலபார் சபை வேறு வழியில் போனது. 1962-ல் அதன் குர்பானா சிரிய மொழியிலிருந்து மலையாளத்துக்கு வந்தபோது, சில பழைய மெட்டுகள் மலையாளச் சொற்களோடு பிழைத்துக்கொண்டன. மற்றவை முதியவர்களின் நினைவில் தங்கின. இசை ஆய்வாளரான பாதிரியார் ஜோசப் பாலக்கல் அவற்றைத் தேடிப் பதிவு செய்து வருகிறார். 1962-ல் பத்து வயதுச் சிறுவனாகச் சிரியப் பாட்டு பாடியவருக்கு இன்று எழுபதுக்கு மேல்.