அழுகல் என்ற சொல் மறைத்த ஆபத்து

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அண்ணனின் கால் பெருவிரல் கறுத்தது. அவர் நெடுநாள் நீரிழிவு நோயாளி. பரிசோதித்த மருத்துவர் ‘கேங்ரீன்’ என்று சீட்டில் எழுதிப் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அப்படியென்றால் ‘அழுகல்’ என்றார் அங்கிருந்த உதவியாளர். விரலோ காய்ந்து சுருங்கியிருந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை, வலியும் இல்லை. அழுகாத விரலுக்கு ஏன் அவசரம் என்று பத்து நாள்கள் மஞ்சள் பற்றுப் போட்டோம். முடிவில் முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற நேர்ந்தது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற நானும் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்கவில்லை.

நோயாலோ காயத்தாலோ உடலின் திசுக்கள் இறப்பதை மருத்துவம் ‘நெக்ரோசிஸ்’ என்கிறது. பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். தமிழில் திசு இறப்பு, திசு நசிவு என்கிறோம். மாரடைப்பின்போது இதயத் தசைக்கு நேர்வதும் இதுவே. இரத்த ஓட்டம் தடைபட்டோ கிருமித் தொற்றாலோ, விரல், பாதம் போன்ற ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும் அளவில் இறந்துபோவது ‘கேங்ரீன்’.

இதில் உலர்ந்த வகை சுருங்கிக் கறுக்கும். பெரும்பாலும் நாற்றம் இராது. ஈர வகையில் கிருமி பெருகி, வீக்கமும் நாற்றமும் தோன்றும். விரைந்து பரவி உயிரையும் பறிக்கும். அழுகல் என்ற சொல் இரண்டாவதற்கே பொருந்தும். ஆனால், உலர்ந்த பகுதியில் கிருமி தொற்றினால் அதுவும் ஈர வகையாக மாறிவிடும். நீரிழிவில் நரம்புகள் உணர்விழப்பதால் வலியும் எச்சரிக்காது.

இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. இத்தனை குடும்பங்களுக்கும் கலைச்சொல்லைவிடத் தெளிவான வாக்கியமே தேவை. “இந்த விரலுக்கு இரத்தம் வரவில்லை, இது இறந்துவிட்டது, தாமதித்தால் காலே போகும்” என்று மருத்துவர்கள் சொல்லட்டும். நோயாளிகள் நாள்தோறும் பாதங்களைப் பார்க்கட்டும். விரல் கறுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ சில்லிட்டாலோ, வலி வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லட்டும்.

புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பதில் வெட்கம் இல்லை. நான் கேட்டிருந்தால், என் அண்ணன் ஒரு விரலை மட்டுமே இழந்திருக்கக்கூடும்.