முற்றுப்பெறாத நாவல்

கொரிய மொழியின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றெனக் கற்றோர் போற்றும் 'இம் கொக்ஜொங்' இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கின்றது. அதனை இயற்றிய ஹொங் மியொங் ஹுய், எழுதுகோலை வைத்துவிட்டு அரசியலிற் புகுந்தவர்.

அவர் 1888ஆம் ஆண்டு குவேசான் என்னும் ஊரில் உயர்குடியொன்றிற் பிறந்தார். தந்தையார் கும்சான் மாவட்டத்தின் அதிபதி. 1910 ஆகஸ்டில் யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, அந்த இழிவைப் பொறாத தந்தையார் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். யப்பானியருக்கு ஒருபோதும் துணைபோகலாகாது என்பதே மக்களுக்கு அவர் விட்டுச்சென்ற கட்டளை. மைந்தர் அதனை மறக்கவில்லை. 1919இல் சுதந்திரக் கிளர்ச்சியிற் பங்குபற்றிச் சிறை சென்றார். 1927இல் தேசியவாதிகளையும் சமவுடைமைவாதிகளையும் ஒன்றுசேர்த்த சின்கான்ஹோ இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார்.

நாவல் 1928இல் 'சொசொன் இல்போ' பத்திரிகையில் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதன் தலைவன் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து 1562இற் கொல்லப்பட்ட கொள்ளைத் தலைவன். தாழ்த்தப்பட்ட கசாப்புக்காரர் குலத்தவன். உயர்குடிப் பிறந்தார் ஒருவர் இத்தகையவனைக் காவிய நாயகனாக்கியது அக்காலத்திற் சிறிய துணிவன்று. சீனச் சொற்கள் மலிந்த நடையை ஒதுக்கி, நாட்டு மக்களின் பேச்சையும் பழமொழிகளையும் வழக்கங்களையும் நூலெங்கும் பெய்துவைத்தார். மறைந்துபோன கொரியச் சொற்களைத் தேடுவோர் இந்நூலையே நாடுவது அதனாலேதான். ஆசிரியர் மீண்டும் சிறைப்பட்டதாலும் நோயுற்றதாலும் கதை பலமுறை தடைப்பட்டது. 1940இல் சஞ்சிகையொன்றில் ஒருமுறை தலைகாட்டி, அத்தோடு நின்றது.

1945இல் விடுதலை வந்தது, நாடோ இரண்டாயிற்று. பிரிவினையை எதிர்த்த ஹொங் 1947இல் ஜனநாயக சுதந்திரக் கட்சியை அமைத்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஒற்றுமை நாடிக் கூட்டப்பட்ட வட-தென் மகாநாட்டுக்காகப் பியொங்யாங் சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் வட கொரியாவின் உப பிரதமர்களுள் ஒருவரானார். ஒற்றுமையைத் தேடிச் சென்றவர் பிரிவினையின் ஒரு பக்கத்துக்கு அமைச்சரானார் என்பதை அவரை நேசிப்போரும் மறுக்கவியலாது. 1968இல் இறக்கும்வரை உயர்பதவிகள் அவரை விட்டகலவில்லை; கதையின் எஞ்சிய பகுதி மாத்திரம் எழுதப்படவில்லை.

தென் கொரியாவில் அவர் நூல் தடைசெய்யப்பட்டது. வடக்கே சென்ற எழுத்தாளர்மீதிருந்த தடை 1988இல் நீக்கப்பட்டபோதும், ஐவருக்கு அச்சலுகை மறுக்கப்பட்டது. அவருள் ஹொங்கும் ஒருவர். பின்னரே அவர் நாவல் தடையின்றி வாசகர் கைக்கு எட்டியது. அவருடைய பேரர் ஹொங் சொக் ஜுங் வடக்கிலே நாவலாசிரியரானார். அவரெழுதிய 'ஹுவாங் ஜினி'க்கு 2004இல் தென் கொரியாவின் மன்ஹே இலக்கியப் பரிசு வழங்கப்பட்டது.