போதகரைத் தாங்குவது யார்?

ஈப்போ பைனுன் மருத்துவமனையில் ஒருவர் படுத்திருந்தால் போதகர் வர வேண்டும். மகன் குடித்துவிட்டு வீட்டில் ரகளை செய்தாலும் அவர்தான் வர வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மரணம் நிகழ்ந்தால் முதல் தொலைபேசி அழைப்பு அவருக்கே போகிறது. அந்தப் போதகரின் மனம் சோர்ந்து போனால் அவர் யாரை அழைப்பார்? இந்தக் கேள்வியைச் சபைகள் அதிகம் கேட்பதில்லை. வாய்விட்டுச் சொன்னால் விசுவாசக் குறைவு என்று பேசுவார்களோ என்ற பயத்தில் போதகரும் சொல்வதில்லை.

பேராக் மாநிலத்தில் இந்தச் சுமைக்குத் தோட்டப்புற வரலாறும் ஒரு காரணம். ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் சபை மக்கள் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள். காலைப் பெரட்டு, பால்வெட்டு, மாலை ஜெபக்கூட்டம் என்று எல்லாருடைய நாளும் ஒரே மாதிரி ஓடியது. போதகர் ஒரு மாலைப் பொழுதில் இருபது வீடுகளுக்கு நடந்தே போய் வந்துவிடலாம். 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனாலும் பின்னாளில் பல தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழும்பின. இளையவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். பழைய இடங்களில் பெரும்பாலும் முதியவர்களே எஞ்சினார்கள்.

சபை சிதறியதே தவிர, எதிர்பார்ப்பு குறையவில்லை. லயத்தில் இருந்தபோது வந்ததுபோல இப்போதும் போதகர் வீடு தேடி வர வேண்டும் என்று பாட்டிமார் காத்திருக்கிறார்கள். அது நியாயமான ஆசைதான். ஆனால் புந்தோங்கில் ஒரு வீடு, பத்து காஜாவில் ஒரு வீடு, சுங்கை சிப்புட்டில் ஒரு வீடு என்றால் பொழுது காரிலேயே கழிந்துவிடும். இதற்கிடையே கைப்பேசியில் புலனச் செய்திகள் வந்து குவிகின்றன. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பயிற்சியே இல்லாமல் கேமரா முன் நின்று ஆராதனை நடத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. யூடியூப்பில் பெரிய பிரசங்கியாரைக் கேட்டுவிட்டு, நம் ஐயர் பேசுவது சுமார்தான் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் முந்தின இரவு எந்தத் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

குடும்பத்தின் பாடு தனி. மெதடிஸ்ட் திருச்சபையில் பேராயர் நியமனத்தை அறிவித்தால் போதகர் பெட்டி கட்ட வேண்டியதுதான். மனைவி வேலையை விட வேண்டி வரும், பிள்ளைகள் பள்ளி மாற வேண்டி வரும். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து, குடும்பத்தைப் பிரிந்து கோயிலில் பணிபுரியும் குருக்களுக்கும் வேறு விதத்தில் இதே தனிமை உண்டு.

இது பேராக்குக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மெதடிஸ்ட் போதகர்கள் 1,700க்கும் மேற்பட்டவர்களை டியூக் பல்கலைக்கழகம் ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டது. அந்நாட்டுப் பொதுமக்களிடம் 5.5 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு, தொலைபேசி வழி கேட்டபோது போதகர்களிடம் 8.7 விழுக்காடாக இருந்தது. இணையத்தில் கேட்டபோது 11.1 விழுக்காடு. போதுமான அளவு செய்யவில்லையே என்ற குற்ற உணர்வு மனச்சோர்வோடு சேர்ந்தே காணப்பட்டது. அதே பல்கலைக்கழகம் போதகர்களுக்கு ஈராண்டு நலத்திட்டம் ஒன்றையும் நடத்தியது. உடல்நலக் குறிகள் சீரடைந்தன, மனச்சோர்வு குறையவில்லை. போதகரைப் பார்த்து நன்றாகச் சாப்பிடுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வதோடு சபையின் கடமை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேலையைப் பகிர்வதுதான் முக்கியம். வனாந்தரத்தில் காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் விசாரித்த மோசேயிடம், இப்படியே போனால் நீ தளர்ந்து போவாய் என்று சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. அவர் ஜெபம் மட்டும் பண்ணவில்லை, ஆட்களைப் பிரித்து நியமிக்கச் சொன்னார். முதியவர்களைப் பார்க்க வட்டாரத்துக்கு இரண்டு பேர் போகலாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை விவகாரங்களைச் சபையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரோ குமாஸ்தாவோ கவனிக்கலாம். ஞாயிறு போதகருக்கு வேலை நாள் என்பதால், வாரத்தில் வேறொரு நாளை ஓய்வு நாளாகச் சபையே அறிவித்து, அன்றைக்கு அவசர அழைப்புகளை ஒரு மூப்பர் எடுக்கலாம். போதகர் தானே விடுப்புக் கேட்கட்டும் என்று விட்டால் அவர் கேட்கவே மாட்டார்.

இதைவிடக் கடினமானது, அவர் மனம் விட்டுப் பேச ஓர் ஆள் கிடைப்பது. மூப்பரிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். மேலதிகாரியிடம் சொன்னால் அடுத்த நியமனம் பாதிக்குமோ என்ற அச்சம். ஆகவே நியமனத்தில் கைவைக்க முடியாத ஒருவர் வேண்டும். வேறு திருச்சபையின் மூத்த போதகராகவோ, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகராகவோ அவர் இருக்கலாம். ஆலோசகருக்கான கட்டணத்தைச் சபை வரவு செலவுக் கணக்கிலேயே ஒதுக்கிவிட்டால் போதகர் கை நீட்ட வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் கூரை பழுதுபார்ப்புக் கணக்கு வாசிக்கப்படும்போதே, இந்த ஆண்டு போதகர் எத்தனை நாள் விடுப்பு எடுத்தார், அவருடைய ஊழியர் சேமநிதிக்குப் பணம் கட்டப்பட்டதா என்றும் யாராவது எழுந்து கேட்கலாம்.