குதிரைக்குக் கால் உடைந்தால் கேமரா முன் வந்து நிற்கும் டாக்டர்! யார் இந்த லாரி பிராம்லேஜ்?

2008 மே 3. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி. ஆண் குதிரைகளோடு போட்டி போட்டு இரண்டாவதாக வந்தது ‘எய்ட் பெல்ஸ்’ என்ற பெண் குதிரை. எல்லைக் கோட்டைத் தாண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்து விழுந்தது. முன்னங்கால்கள் இரண்டும் உடைந்துவிட்டன. சில நிமிடங்களில், ஓடுபாதையிலேயே அதற்குக் கருணைக்கொலை.

டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவுமே புரியவில்லை. ‘கால்தானே உடைஞ்சது? ஹாஸ்பிடலுக்குக் கொண்டுபோகக் கூடாதா?’ இதுதான் எல்லார் மனதிலும் ஓடிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல கேமரா முன் வந்தவர் ரேஸ் கிளப் அதிகாரி இல்லை, சேனலின் வர்ணனையாளரும் இல்லை. அவர் ஒரு குதிரை டாக்டர், பெயர் லாரி பிராம்லேஜ்.

அறுவை சிகிச்சை அறையிலிருந்து டிவி நேரலைக்கு ஒரு டாக்டர் எப்படி வந்தார்? ஏன் வர வேண்டியிருந்தது? பார்ப்போம்.

யார் இவர்?

கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்து 1975-ல் பட்டம் பெற்றவர் பிராம்லேஜ். பிறகு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு, அங்கேயே ஆசிரியர் பணி. 1989-ல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் உள்ள ‘ரூட் அண்ட் ரிடில்’ குதிரை மருத்துவமனையில் சேர்ந்தார். குதிரைப் பண்ணைகள் சூழ்ந்த அந்த ஊரில், எலும்பு முறிவு என்றாலே முதலில் நினைவுக்கு வரும் டாக்டர்களில் ஒருவரானார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த குதிரை ‘பெர்சனல் என்ஸைன்’. 1986-ல் இதன் பின்னங்கால் எலும்பு உடைந்தது. இனி ஓடவே ஓடாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிராம்லேஜ் 5 ஸ்க்ரூக்கள் போட்டு எலும்பைச் சேர்த்தார். 1987-ல் குதிரை மறுபடி ஓடுபாதைக்கு வந்தது. 1988 நவம்பரில், சேறாகிக் கிடந்த பாதையில், அந்த வருட டெர்பியை வென்றிருந்த ‘வின்னிங் கலர்ஸ்’ குதிரையை மூக்கு நுனி வித்தியாசத்தில் முந்தியது. ஓடிய 13 பந்தயங்களிலும் 13 வெற்றி. ஒரு தோல்விகூட இல்லாமல் ஓய்வு பெற்றது.

அதாவது, குதிரையின் கால் உடைந்தால் எல்லா நேரமும் கதை முடிந்துவிடாது. சில முறிவுகளைச் சரிசெய்யலாம், சிலவற்றை முடியாது. இந்த வித்தியாசத்தை மக்களுக்குப் புரிய வைப்பதுதான் பின்னாளில் பிராம்லேஜின் இரண்டாவது வேலையாகவே ஆனது.

கால் உடைந்தால் ஏன் உயிரே போகிறது?

பந்தயக் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. ஓடும் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். முழு வேகத்தில் பாயும்போது ஒரு கணம் மொத்த உடலும் ஒரே காலில் நிற்கும். அந்தக் கணத்தில் அந்தக் காலில் இறங்கும் விசை, உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்தக் கால் எப்படி இருக்கிறது? முழங்காலுக்குக் கீழே தசை என்பதே கிட்டத்தட்ட இல்லை. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். எலும்பு உடைந்தால் அதன் கூர்முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ரத்தக் குழாய்கள் அறுந்தால் அந்தப் பகுதிக்கு ரத்தமே போகாது. ரத்தம் போகாத எலும்பு ஒட்டவும் ஒட்டாது.

சரி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் பெரிய சிக்கல். மனிதரைப் போலக் குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க முடியாது. படுத்தே கிடந்தால் அதன் எடையே அதன் தசைகளையும் நுரையீரலையும் நசுக்கும். நின்றுதான் ஆக வேண்டும். அடிபட்ட காலில் நிற்க முடியாது என்பதால் எதிர்ப்பக்கக் கால் மொத்தப் பாரத்தையும் சுமக்கும். நாளடைவில் அந்தக் காலின் குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் திசுக்கள் பிய்ந்துபோகும். இதற்குப் பெயர் லாமினைட்டிஸ். தாங்க முடியாத வலி தரும் நோய். உடைந்த காலைக் காப்பாற்றப் போய் நல்ல காலும் போய்விடும்.

எய்ட் பெல்ஸ் விஷயத்தில் பிராம்லேஜ் அன்று டிவியில் சொன்னதன் சாரமும் இதுதான். ஒரு முன்னங்கால் மட்டும் உடைந்திருந்தால் கட்டுப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கலாம். இரண்டுமே உடைந்ததால் ஊன்றி நிற்க அதற்கு ஒரு முன்னங்கால்கூட மிச்சமில்லை.

கேமரா முன் டாக்டர் எதற்கு?

இதற்குப் பின்னால் இரண்டு மரணங்கள் இருக்கின்றன.

முதலாவது 1975 ஜூலை 6. பிராம்லேஜ் பட்டம் வாங்கிய அதே வருடம். நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் ‘ரஃபியன்’ என்ற பெண் குதிரைக்கும், டெர்பி வென்ற ‘ஃபூலிஷ் பிளெஷர்’ குதிரைக்கும் நேருக்கு நேர் பந்தயம். நாடே டிவி முன் உட்கார்ந்திருந்தது. பாதி வழியில் ரஃபியனின் முன்னங்கால் உடைந்தது. இரவோடு இரவாக ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ரஃபியன் இன்னும் ஓடுவதுபோல் கால்களை உதறியது. போட்ட கட்டெல்லாம் சிதறிப்போனது. கடைசியில் கருணைக்கொலை.

இரண்டாவது 1990 அக்டோபர் 27. அதே பெல்மான்ட் பார்க். ‘பிரீடர்ஸ் கப்’ பந்தயத்தில் ‘கோ ஃபார் வாண்ட்’ என்ற பெண் குதிரை எல்லைக் கோட்டுக்கு அருகே கால் முறிந்து விழுந்தது. எழுந்து, தொங்கும் காலோடு நடக்கப் பார்த்தது. கூட்டத்தின் கண்ணெதிரே உயிர் விட்டது. டிவியில் காட்சி மட்டும் இருந்தது, விளக்கம் இல்லை. என்ன ஆச்சு, ஏன் காப்பாற்றவில்லை என்று சொல்ல விவரம் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கம் 1991-ல் ‘ஆன் கால்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐடியா சிம்பிள். டிவியில் ஒளிபரப்பாகும் பெரிய பந்தயங்களுக்கு, ஊடகத்திடம் பேசப் பயிற்சி பெற்ற ஒரு குதிரை டாக்டர் வருவார். அசம்பாவிதம் நடந்தால், சிகிச்சை தரும் டாக்டர்களிடம் விவரம் கேட்டு, உறுதியானதை மட்டும் எளிய மொழியில் சொல்வார். இந்தத் திட்டத்தின் முகமாக மக்கள் மனதில் பதிந்தவர் பிராம்லேஜ்.

மூன்று நேரலைகள்

1999 ஜூன் 5, பெல்மான்ட் ஸ்டேக்ஸ். டெர்பி, பிரீக்னஸ் இரண்டையும் வென்றிருந்த ‘கரிஸ்மாட்டிக்’ மூன்றாவதையும் வென்றால் ‘டிரிபிள் கிரவுன்’. மூன்றாவதாகத்தான் வந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஜாக்கி கிறிஸ் ஆன்ட்லி கீழே குதித்து, குதிரையின் அடிபட்ட காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சில நிமிடங்கள் ஏன் முக்கியம் என்பதை பிராம்லேஜ்தான் விளக்கினார். கால் தரையில் ஊன்றியிருந்தால் எலும்பு மேலும் சிதறியிருக்கும். கரிஸ்மாட்டிக் பிழைத்தது. இனப்பெருக்கத்துக்காக ஜப்பான்வரை போய், 2016-ல் கென்டக்கிக்குத் திரும்பி, 2017-ல்தான் இறந்தது.

2006 மே 20, பிரீக்னஸ். இரண்டு வாரம் முன்பு டெர்பியை ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற ‘பார்பரோ’, ஓட ஆரம்பித்த சில நொடிகளிலேயே வலது பின்னங்கால் உடைந்து நின்றது. அன்றும் பிராம்லேஜ் டிவியில் பேசினார். பெரிய ஆபரேஷன் தேவைப்படும் கடுமையான முறிவு என்பதை மறைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ‘நியூ போல்ட்டன் சென்டர்’ மருத்துவமனையில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் மறுநாள் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். ரஃபியனுக்கு நடந்தது நடக்காமலிருக்க, மயக்கம் தெளியும் நேரத்தில் பார்பரோவை நீச்சல் குளத்தில் மிதக்க வைத்தார்கள். ஆபரேஷன் வெற்றி என்று எல்லாரும் கைதட்டியபோதும், பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்றார் ரிச்சர்ட்சன். மக்கள் கேரட், ஆப்பிள், வாழ்த்து அட்டை என அனுப்பிக் குவித்தார்கள். ஆனால், ஜூலையில் எதிர்ப்பக்கக் காலில் லாமினைட்டிஸ் வந்தது. 2007 ஜனவரி 29-ல் பார்பரோ கருணைக்கொலை செய்யப்பட்டது.

மூன்றாவது, 2008-ல் எய்ட் பெல்ஸ்.

மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நல்ல செய்தியை ஊதிப் பெருக்கவில்லை, கெட்ட செய்தியை மென்று விழுங்கவில்லை. எந்த எலும்பு, எந்த மூட்டு, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். பார்ப்பவர் குழம்பிப்போயிருக்கும்போது ‘நம்பிக்கையோடு இருப்போம்’ என்ற ஒற்றை வரி உதவாது. விவரம்தான் உதவும்.

ஆனா, இவர் யாருடைய ஆள்?

நியாயமான கேள்விதான். குதிரை டாக்டருக்குச் சம்பளம் வருவது குதிரை உரிமையாளர்களிடமிருந்து. பந்தயத் தொழில் நடந்தால்தான் மருத்துவமனையும் நடக்கும். அப்படிப்பட்டவர் டிவியில் சொல்வது அறிவியலா, தொழிலைக் காப்பாற்றும் சமாதானமா?

எய்ட் பெல்ஸ் இறந்த பிறகு இந்தச் சந்தேகம் பெரிதாக எழுந்தது. விலங்கு உரிமை அமைப்பான ‘பீட்டா’ ஜாக்கியை சஸ்பெண்ட் செய்யச் சொன்னது. ஸ்டீராய்டு கொடுத்தார்களா என்றும் கேட்டார்கள். பரிசோதனை முடிவுகளில் தடை செய்யப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

ஆனால், ஒரு குதிரை விஷயத்தில் தவறு இல்லை என்பதால், மொத்த அமைப்பிலும் தவறு இல்லை என்று ஆகிவிடாது. உடைந்த எலும்பு எப்படி உடைந்தது என்பதை நேரலையில் ஒரு டாக்டரால் விளக்க முடியும். இத்தனை குதிரைகளுக்கு ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு இரண்டு நிமிட நேரலையில் பதில் கிடைக்காது. அதற்குக் கணக்கு வேண்டும், விதிகள் வேண்டும், விதியை மீறினால் தண்டனை வேண்டும்.

என்ன மாறியது?

எய்ட் பெல்ஸ் இறந்த அதே மாதம், ‘தி ஜாக்கி கிளப்’ பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. பிராம்லேஜ் அதில் உறுப்பினர். தலைவர் ஸ்டூவர்ட் ஜேன்னி. இவருடைய பெற்றோர்தான் ரஃபியனின் உரிமையாளர்கள்! ஸ்டீராய்டு பயன்பாட்டை நீக்குவது, முன்னங்கால் லாடத்தில் மண்ணைக் கவ்விப் பிடிக்கும் நீட்டல்களைத் தடை செய்வது, சாட்டை விதிகளைத் திருத்துவது எனப் பரிந்துரைகள் வந்தன. பந்தயக் காயங்களைப் பதிவு செய்யும் தேசியத் தரவுத்தளமும் 2008-லேயே தொடங்கியது.

அந்தக் கணக்குப்படி 2009-ல் குதிரைகள் பந்தயத்தில் இறங்கிய ஒவ்வொரு 1,000 தடவைக்கும் 2 குதிரைகள் பந்தயக் காயத்தால் இறந்தன. 2022-ல் அது 1.25 ஆகக் குறைந்தது.

குறைந்திருக்கிறது, தீரவில்லை. கலிஃபோர்னியாவின் சான்டா அனிட்டா மைதானத்தில் 2018-19 சீசனில் மட்டும் சுமார் 30 குதிரைகள் இறந்தன. 2020-ல் குதிரைப் பந்தயத்துக்கென்றே மத்திய அரசுச் சட்டம் வந்தது. அதன் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலை முதல் அமலுக்கு வந்தன. அதற்குப் பிறகும், 2023 டெர்பியை ஒட்டி சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் 12 குதிரைகள் இறந்து, பந்தயங்களை வேறு ஊருக்கு மாற்ற வேண்டியிருந்தது.

மைக் பிடிக்க, கத்தியை விட வேண்டாம்

மருத்துவம், சட்டம், பொறியியல் என எந்தத் துறையில் இருப்பவரும் இன்று வீடியோ போடலாம், பாட்காஸ்ட் பேசலாம். அதற்கு வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பிராம்லேஜ் அப்படிச் செய்யவில்லை. காலில் ஸ்க்ரூ போடுவதையும் தொடர்ந்தார். உடைந்த மூட்டை அசையாமல் இணைத்து, ஓட முடியாவிட்டாலும் குதிரை உயிரோடு இருக்க வழிசெய்யும் அறுவை சிகிச்சை முறையை வளர்த்தெடுத்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 2004-ல் தன் மருத்துவர்கள் சங்கத்துக்கே தலைவராகவும் இருந்தார்.

அவர் பேச்சை மக்கள் நம்பியதற்குக் காரணமும் அதுதான். நேற்று அதே மூட்டைத் திறந்து பார்த்தவர் இன்று அதைப் பற்றிப் பேசுகிறார். எது தெரியும், எது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிகிறது.

ரஃபியன் விழுந்த 1975-ல் இப்படிச் சொல்ல ஏற்பாடு எதுவும் இல்லை. இன்று பெரிய பந்தயங்களில் அந்த டாக்டர் இருக்கிறார். ஆனால், அவரைக் கேமரா முன் அழைக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு சீசன் முடிந்தால், அதில் அதிகம் சந்தோஷப்படுபவர் அவராகத்தான் இருப்பார்.